பலகை இடுக்கில் வந்த பயறு

என் மூத்த மகளுக்கு ஏழு மாதம் நடந்த மழைக்காலத்தில் நாங்கள் ரங்கூனில், கெமண்டைனில் குடியிருந்தோம். இப்போது அந்த இடத்தை க்யிம்யிண்டைங் என்று எழுதுகிறார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் அது எல்லாருக்கும் கெமண்டைன்தான். ஆற்றங்கரையை ஒட்டி மரத்தூண்களின் மேல் நின்ற நீளமான பலகை வீடு அது. ஆறு குடித்தனங்களாகத் தடுத்திருந்தார்கள். எங்களுடையது மாடியில், கடைசிக்கு முந்தியது. ஓர் அறை, சமைக்க ஒரு மூலை, மரக்கம்பி போட்ட ஒரு ஜன்னல். அவ்வளவுதான் வீடு.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கப்பலை விட்டு இறங்கிய அன்று ஜெட்டியிலிருந்து குதிரை வண்டியில் நேராக அந்த அறைக்கு வந்தேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷத்தில் நான் படியிறங்கிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டு தடவை கோயிலுக்கு, ஒரு தடவை தெரிந்தவர் வீட்டு வளைகாப்புக்கு. பிரசவத்துக்கு மருத்துவச்சியே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர், குழந்தையோடு நாலு. என் கணவர் இன்செயினில் ரயில் பட்டறையில் ஃபிட்டர். விடியுமுன் ரயிலேறிப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். மூன்றாவது ஆள் அவருடைய அக்கா. நான் அவரை அண்ணி என்று கூப்பிட்டேன். தன் புருஷனோடு ரங்கூனுக்கு வந்து, இங்கேயே அவரைப் பறிகொடுத்து, பிறகு பதினோரு மாத ஆண் குழந்தையையும் பறிகொடுத்தவர். தம்பியை ஊரிலிருந்து வரவழைத்து, வேலை வாங்கிக் கொடுத்து, பெண் பார்த்துக் கட்டிவைத்ததும் அவர்தான். நெல் மில் ஆட்களுக்குச் சோறு போடும் ஒரு மெஸ்ஸில் சமையல் செய்தார். காலை பத்து மணிக்குக் கிளம்பி மூன்று மணிக்கு வருவார். கிளம்பும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போவார்.

முதல் நாள் அந்தப் பூட்டின் சத்தத்தைக் கேட்டபோது மறதியாகப் பூட்டிவிட்டார் என்று நினைத்துக் கதவைத் தட்டினேன். அவர் திரும்பி வந்து, பூட்டைத் திறக்காமலே, ஊர் கெட்டுக் கிடக்கிறது, ஆம்பளை இல்லாத நேரத்தில் கதவு திறந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை கணவரிடம் சொன்னேன். அக்கா சொன்னால் காரணம் இருக்கும் என்றார். அவரும் கெட்டவரல்ல. தன்னை ஆளாக்கியவள் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லாதவர்.

வெளிச் சாப்பாடு எதுவும் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அண்ணியின் இன்னொரு கட்டளை. அவருடைய பிள்ளை பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த ஏதோ பட்சணத்தைத் தின்று வயிற்றுப்போக்கில் போய்விட்டான் என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தார். எனக்கும் வந்த முதல் வாரத்திலேயே சொன்னார். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

குழந்தைக்கு ஐந்தாம் மாதம் முடியும்போது எனக்கு மலேரியா கண்டது. பதினைந்து நாள் நடுங்கிக் கிடந்தேன். எழுந்தபோது பால் பாதியாகக் குறைந்திருந்தது. ஆறு முடிந்து ஏழில் குழந்தைக்கு அது போதவில்லை. அண்ணி அரிசிக் கஞ்சியைத் துணியில் வடிகட்டிச் சங்கில் ஊற்றினார். வாயைத் திறக்கவில்லை. பார்லித் தண்ணீர், டின் பால், வெந்நீரில் கரைத்த இட்லி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை இரண்டு பக்கமும் ஆட்டும். மூக்கைப் பிடித்தால் வாய் திறக்கும் என்று யாரோ சொல்ல, அண்ணி அதையும் செய்தார். திறந்த வாய் வழியே உள்ளே போனது அடுத்த நிமிஷம் என் புடவையில் வந்து விழுந்தது. கம்பவுண்டர் ஒருவர் வந்து சிவப்பாக ஒரு டானிக் கொடுத்துவிட்டுப் போனார். குழந்தையின் தொடையில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்க ஆரம்பித்தது. அழும் குரலிலும் பலம் இல்லை.

பூட்டிய அறையில் ஐந்து மணி நேரம் அந்த அழுகையோடு இருப்பது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. மழை தகரக் கூரையில் விடாமல் கொட்டும். சுவரெல்லாம் ஈரம். ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்தால் படகுகள் தெரியும், படகில் இருக்கிறவர்கள் சிரிப்பது தெரியும், சத்தம் மட்டும் கேட்காது. குழந்தை வாயை மூடிக்கொண்டு எங்களோடு சண்டை போட்டது. எனக்கு அந்த வழிகூட இல்லை என்று ஒருநாள் தோன்றியது. தோன்றிய உடனே பயந்துபோய் அவளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டேன்.

எங்கள் அறைக்கும் கடைசி அறைக்கும் நடுவே இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் ஒரு பர்மியக் குடும்பம் குடிவந்திருந்தது. புருஷன் ஆற்று லாஞ்சில் வேலை செய்கிறவன். பெண்டாட்டி வடக்கே ஷான் மலைப்பக்கத்துப் பெண். இவையெல்லாம் படிக்கட்டில் பேசிக்கொண்டவர்கள் மூலமாக என் காதுக்கு வந்தவை. நான் அவளைப் பார்த்ததில்லை. அவளிடம் ஒரு கைக்குழந்தை இருப்பது மட்டும் சத்தத்தால் தெரியும். என் மகளைவிட இரண்டு மூன்று மாதம் பெரியதாக இருக்க வேண்டும்.

ஒருநாள் பதினோரு மணி இருக்கும். பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நாற்றம் வந்தது. நனைந்த கோணியும் கருவாடும் சேர்ந்து அழுகினாற்போல ஒரு நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அதையே அவள் தணலில் வாட்டினாள் போலிருக்கிறது, வாசனை மாறிவிட்டது. வேர்க்கடலை வறுக்கும்போது வருவது போல, எள் வறுக்கும்போது வருவது போல வந்தது. என் மடியில் கண்ணை மூடிக் கிடந்த குழந்தை கண்ணைத் திறந்தாள். தலையைப் பலகைப் பக்கம் திருப்பினாள். நாக்கை வெளியே நீட்டி உதட்டைச் சப்பினாள். ஒரு மாதமாக எதற்கும் அசையாத வாய் அது.

தடுப்பில் ஒரு பலகை அடியில் ஆணி கழன்று ஆடிக்கொண்டிருக்கும். அதை ஒரு பக்கமாக நகர்த்தினால் கை நுழையும் அளவுக்கு இடுக்கு விழும். நகர்த்திக் குனிந்து பார்த்தேன். ஒரு பெண்ணின் முழங்காலும், அதில் சாய்ந்திருந்த குழந்தையும், ஒரு கிண்ணமும் தெரிந்தன. அவள் விரல் நுனியால் ஏதோ கூழை எடுத்து ஊட்ட, அந்தப் பிள்ளை ஆவென்று வாங்கித் தின்றுகொண்டிருந்தது. நான் பலகையைத் தட்டினேன். ஒரு கண் இடுக்குக்கு வந்தது.

எனக்கு பர்மியம் தெரியாது. அந்த வரிசையில் இருந்த தமிழ்க் குடும்பங்களோடு பழகி அவளுக்குச் சோறு, தண்ணி, பிள்ளை, வா, போ என்று கொஞ்சம் தமிழ் தெரியும். என் குழந்தையைத் தூக்கி இடுக்குக்கு நேராகக் காட்டினேன். அவள் கையை நுழைத்துக் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தாள். தொடையின் தோலை இரண்டு விரலால் பிடித்து விட்டாள். பிறகு "சோறு இல்லே?" என்று கேட்டாள். சோறு இருக்கிறது, இவள் சாப்பிடவில்லை என்று கைச்சாடையால் சொன்னேன். கிண்ணத்தைக் காட்டிக் கேட்டேன்.

உடனே கொடுத்துவிடவில்லை அவள். அதுதான் எனக்கு ஆச்சரியம். எங்கள் கதவுப் பக்கமாகக் கையைக் காட்டி, வீட்டில் பெரியவளைக் கேட்டாயா என்று கேட்டாள். பூட்டின் சத்தம் அவளுக்கும் கேட்டுத்தானே இருக்கும். நான் தலையாட்டினேன். கேட்டுவிட்டேன், சரி சொன்னார்கள் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யை அவள் நம்பினாளா, நம்புகிற மாதிரி இருந்தாளா, தெரியாது.

அது என்ன என்று பிறகு நாள் கணக்காக, அரைகுறைப் பேச்சில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இப்போது சோயா என்கிறார்களே, அந்தப் பயறு. அதை ஊறவைத்துக் குழைய வேகவைத்து, நீரை வடித்து, சூடு ஆறுமுன் அகலமான காட்டு இலையில் பொதிந்து, கூடைக்குள் வைத்து அடுப்பருகே மூன்று நாள் விட்டுவிடுவார்கள். பிரித்தால் பயறு பிசுபிசுத்து, எடுக்க எடுக்க நூல் விடும். அதை இடித்து வட்டமாகத் தட்டிக் காயவைத்தால் கெட்டி அப்பளம் போல ஆகிவிடும். வாட்டிப் பொடித்து எதில் வேண்டுமானாலும் போடுவார்களாம். பெரியவர்களுக்கு என்றால் உப்பு, மிளகாய், இஞ்சி சேர்த்துத் தட்டுவார்கள். பிள்ளைகளுக்கு என்று ஒன்றும் சேர்க்காமல் கொஞ்சம் தனியாக எடுத்துவைப்பார்கள். பெபொக் என்று அதற்குப் பெயர்.

முதல் நாள் அவள் கொடுத்தது நகக்கண்ணில் நிற்கும் அளவு பொடி. ஓர் இலைத் துணுக்கில் வைத்து நீட்டினாள். சோற்றைக் குழைத்து, கட்டியே இல்லாமல் மசித்து, வெந்நீர் விட்டு இளக்கி அதில் கலக்கச் சொன்னாள். இறுகலாக இருந்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்று தன் தொண்டையைப் பிடித்துக் காட்டினாள். நான் என் தட்டுச் சோற்றில் ஒரு பிடி எடுத்து அப்படியே செய்தேன். விரல் நுனியில் தொட்டு உதட்டில் வைத்தேன். குழந்தை நக்கினாள். முகத்தைச் சுளித்தாள். மறுபடி வாயைத் திறந்தாள்.

இன்னும் கொடு என்று நான் கேட்டபோது அவள் மறுத்துவிட்டாள். இன்றைக்கு இவ்வளவுதான் என்று விரலை ஆட்டினாள். மறுநாள் குழந்தையின் சட்டையைக் கழற்றி முதுகையும் வயிற்றையும் காட்டச் சொன்னாள். தடிப்போ பொரியோ இருக்கிறதா, வயிறு போனதா, வாந்தி எடுத்தாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மூன்று நாள் அதே அளவுதான். நாலாம் நாள் ஒரு சிட்டிகை. அப்படியே ஏற்றி, மூன்று வாரத்தில் என் மகள் அரைக் கிண்ணம் சோற்றை மூச்சுவிடாமல் தின்றாள். பொடி சேர்க்காத சோற்றையும் கூடவே பழக்கினேன். அவள் கொடுத்த பழுத்த வாழைப்பழத்தையும் மசித்துக் கொடுத்தேன். ஒருமுறை திறந்த வாய் பிறகு எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது.

நான் அவளை அமா என்று கூப்பிட்டேன். அவர்கள் பேச்சில் அமா என்றால் அக்கா. அவள் என்னை ஞீமா என்பாள், தங்கை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் முழுசாகப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது ஒரு கண், வளையல் இல்லாத ஒரு கை, ஒரு முழங்கால்.

குழந்தையின் கன்னம் தேறியதை அண்ணியும் கவனித்தார். டானிக் வேலை செய்கிறது என்றார். பிறகு, தான் வடிகட்டிய கஞ்சிதான் காரணம் என்று கோயிலில் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார். சாயங்காலம் அவர் ஊட்டும்போது குழந்தை ரெண்டு வாய் வாங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வரும். சொல்லிவிடலாமா என்று எத்தனையோ தடவை வாய்வரை வந்தது. சொன்னால் இடுக்கு அடைபடும் என்று தெரியும். பூட்டிய அறைக்குள் இன்னொரு பூட்டிய அறைபோல அந்தப் பொய் எனக்குள் கிடந்தது.

ஆவணி மாதம் ஒருநாள் ஆற்றுநீர் ஏறி மெஸ்ஸின் அடுப்படிக்குள் புகுந்துவிட்டது. அண்ணி பன்னிரண்டு மணிக்கே திரும்பிவிட்டார். பூட்டு திறந்த சத்தம் மழையில் எனக்குக் கேட்கவில்லை. நான் பலகை அருகே உட்கார்ந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். அமாவின் கை இடுக்கில் ஓர் இலையோடு நீட்டியபடி இருந்தது.

அண்ணி நின்று பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து கிண்ணத்தை வாங்கி மோந்து பார்த்தார். என்ன இது என்று என்னைக் கேட்காமல் இடுக்கைப் பார்த்துக் கேட்டார், பர்மியத்தில். ரங்கூனில் பல வருஷம் இருந்தவர், கடைப்பேச்சு அவருக்கு வரும். அமா பெயரைச் சொன்னாள்.

எனக்கு அது வெறும் பெயர். அண்ணிக்கு அர்த்தம் தெரிந்திருந்தது. பெ என்றால் பயறு. பொக் என்றால் அழுகினது.

"அழுகின பயறையா பிள்ளைக்குக் கொடுத்தே?" என்றார். "எத்தனை நாளா?"

ஐந்து வாரம் என்றேன். அவர் குழந்தையை என்னிடமிருந்து பிடுங்கி, வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்து, வெந்நீரால் கழுவினார். அவள் வீரிட்டாள். அப்போதுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணியிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினேன்.

"நீங்க அரைக்கிற இட்லி மாவும் புளிச்சதுதானே அண்ணி?"

மாலையில் கணவர் வந்ததும் அண்ணி ஒரு பலகைத் துண்டையும் சுத்தியலையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார். கணவர் என்னைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். முந்தைய மாதம் அவளைத் தூக்கி, கனக்கிறாளே என்று சிரித்தவர் அவர். பிறகு உட்கார்ந்து நாலு ஆணி அடித்தார். அந்தப் பக்கம் ஓர் அசைவும் இல்லை. அவள் அங்கேதான் இருந்திருப்பாள்.

அடுத்த நாலு நாட்கள் என் ஆயுளில் மிக நீளமானவை. அமாவின் வீட்டில் பயறு வாட்டும் வாசனை முதல் நாள் வந்தது. குழந்தை பலகையருகே தவழ்ந்துபோய் அதைத் தட்டினாள், கூப்பிட்டாள், அழுதாள். அதற்குப் பிறகு அமா வாட்டுவதை நிறுத்திவிட்டாள். எங்களுக்காகத்தான் என்று எனக்குப் புரிந்தது. பொடியில்லாத சோற்றை நான் மசித்துக் கொடுக்கப் போனால், எட்டு மாதப் பிள்ளைக்குச் சோறு கனம், கஞ்சித் தண்ணீர்தான் என்று அண்ணி கிண்ணத்தை நகர்த்திவிட்டார். அவருடைய பயம் முழுசும் திரும்பி வந்திருந்தது. கஞ்சியைத் துணியில் வடிகட்டினார். ஒரு தடவை போதாதென்று ரெண்டு தடவை வடிகட்டினார். குழந்தை பழையபடி உதட்டை மூடிக்கொண்டாள். அண்ணி மெஸ்ஸுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவரும் நானும் அந்த ஒரே அறைக்குள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சுற்றிச் சுற்றி வந்தோம். சில நேரம் ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

நாலாம் நாள் பிற்பகல் அண்ணி குழந்தையை மடியில் போட்டுச் சங்கை வாயருகே கொண்டுபோனார். குழந்தை முரண்டுகூடப் பிடிக்கவில்லை. வாயை மூடி அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. வெகுநேரம் கழித்துச் சங்கைக் கீழே வைத்தார்.

"அவனும் இப்படித்தான் பாத்தான்" என்றார்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தரையைப் பார்த்தபடியே சொன்னார். பக்கத்து வீட்டுப் பட்சணத்தால் பிள்ளைக்கு வயிறு போனது நிஜம்தானாம். ஆனால் ரெண்டு நாளில் நின்றுவிட்டதாம். அதற்குப் பிறகு இவருக்குத்தான் பயம் விடவில்லை. எதைக் கொடுத்தாலும் மறுபடி வந்துவிடும் என்று வடிகட்டின கஞ்சித் தண்ணீரைத் தவிர ஒன்றும் கொடுக்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல். பிள்ளை சோற்றுப் பானையைப் பார்த்துக் கையை நீட்டுவானாம். இவர் பானையை மறைத்து வைப்பாராம்.

"வெளிச் சோறு கொன்னுடுச்சுன்னு ஊரெல்லாம் சொன்னேன். நான் பட்டினி போட்டேன்மா."

அவர் அழவில்லை. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, தாழை நீக்கி வெளியே போனார். போகும்போது பழக்கத்தில் கதவைப் பூட்டினார். அடுத்த அறையில் அவருடைய உடைந்த பர்மியம் கேட்டது. திட்டப் போயிருக்கிறாரோ என்று பலகையில் காதை வைத்தேன். திட்டவில்லை. எப்படிச் செய்வது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் பூட்டுத் திறந்தது. அண்ணிக்குப் பின்னால் அமா உள்ளே வந்தாள். அன்றுதான் அவளை முழுசாகப் பார்த்தேன். நான் நினைத்ததைவிடக் குள்ளம். முகத்தில் சந்தனம் போல மரப்பட்டைக் குழம்பு பூசியிருந்தாள். இடுப்பில் அவள் பிள்ளை, வயிற்றில் இன்னொரு பிள்ளை ஆறு மாதம். எனக்குத் தெரிந்த கையும் கண்ணும் இந்த உடம்பைச் சேர்ந்தவை என்று நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் நேராக என் மகளிடம் போய்ச் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள்.

அண்ணி ஒரு நிபந்தனை போட்டிருந்தார். தன் அடுப்பில், தன் கண் முன்னால் செய்ய வேண்டும். அமா ஒப்புக்கொண்டாள். ஆனால் அதுவரை குழந்தை காத்திருக்க முடியாது, இன்று சோறு கொடு என்று அவளும் ஒரு நிபந்தனை போட்டாள். அவள் கொண்டுவந்த வட்டு ஒன்றைத் தணலில் வாட்டினாள். அண்ணி ஒரு துண்டை ஒடித்து முதலில் தன் வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி மென்று விழுங்கினார். பிறகு மசித்த சோற்றில் கலந்து என்னிடம் கிண்ணத்தை நீட்டினார். குழந்தை தின்று முடிக்கும்வரை அமா மெல்ல மெல்ல என்று என் கையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பயறு ஊறியது. அதற்கு மறுநாள் வெந்தது. இலைப்பொதி எங்கள் அடுப்பருகே மூன்று நாள் இருந்தது. அண்ணி அதைச் சுற்றி எறும்பு வராமல் மஞ்சள்பொடி தூவி, பூனை வராமல் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காத்தார். பிரித்த அன்று வந்த நாற்றத்தில் ஜன்னலுக்கு ஓடிப்போய் ஓங்கரித்தார். திரும்பி வந்து ஒரு பயறை எடுத்து நூல் விடுவதைப் பார்த்தார். அமா சிரித்தாள். அண்ணியும் கொஞ்சம் சிரித்தார் என்று நினைக்கிறேன். பதமாகப் புளித்ததற்கும் கெட்டுப்போனதற்கும் மணத்தில் என்ன வித்தியாசம் என்று அமா அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். பூசணம் கறுப்பாகப் பிடித்தால் தயங்காமல் தூக்கிப்போட வேண்டுமாம். அண்ணி ரெண்டே தடவையில் கற்றுக்கொண்டார். சமையல்காரி அல்லவா.

இதோடு எல்லாம் மாறியது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அண்ணி மறுபடி மெஸ்ஸுக்குப் போக ஆரம்பித்தார். போகும்போது கதவைப் பூட்டினார். பயறு கதவு வழியாக உள்ளே வந்தது, நான் வெளியே போகவில்லை. நாலு ஆணி அடித்த பலகையை யாரும் எடுக்கவும் இல்லை, தேவை இல்லையே என்றார் கணவர். அண்ணியும் அமாவும் நடையில் நின்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். நான் உள்ளே இருந்து கேட்பேன். அமா மூன்று மணிக்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வர முடியும், அதுவும் அண்ணியோடுதான். முன்பு பலகைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து நாங்கள் தனியாகப் பேசிய பேச்சு போயே போய்விட்டது. என் மகள் பிழைத்துக்கொண்டாள். அதற்கு நான் கொடுத்தது அது என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். தேறியது என்று சொல்லமாட்டேன்.

கார்த்திகையில் அமா பிரசவத்துக்காகத் தன் மலைக்குப் போனாள். போகிற அன்று எங்கள் கதவு பூட்டியிருந்தது. வெளியே நின்று "ஞீமா, போறேன்" என்றாள். நான் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர்கள் திரும்பவில்லை. புருஷனுக்கு மேலே வேறு ஆற்றில் வேலை கிடைத்துவிட்டது என்றார்கள்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் கழித்து, என் கணவருக்கு ஆற்றின் அக்கரையில் சிரியத்தில் எண்ணெய் ஆலையில் வேலை கிடைத்தது. இப்போது தன்லியின் என்கிறார்கள். ஆலைக்குப் பக்கத்திலேயே வீடு. அண்ணி வரமாட்டேன் என்றார். மெஸ்ஸை விட மனமில்லை, பிள்ளையைப் புதைத்த ஊர் இது என்றார். லாஞ்சில் ஏறும்போது என் மகளின் தலையைத் தடவினார். என் கையில் ஒரு மூட்டையைக் கொடுத்தார். உள்ளே ஊறப்போடத் தயாராகப் புடைத்துப் பொறுக்கிய பயறு. எனக்கு அவர்மேல் அன்பு இருந்ததா, கோபம் இருந்ததா என்று அந்தப் படகில் யோசித்துப் பார்த்தேன். இரண்டும் இருந்தன. ஒன்று இன்னொன்றைக் குறைக்கவில்லை.

சிரியத்தில் என் இரண்டாவது குழந்தை பிறந்தான். அவனுக்கு ஆறு மாதம் முடிந்து சோறு ஆரம்பிக்கும்போது நானே பயறை வேகவைத்து இலையில் பொதிந்து அடுப்பருகே வைத்தேன். மூன்றாம் நாள் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் மூக்கைப் பிடித்தன. ஆலையில் கூட வேலை செய்கிறவர் ஒருவர் என் கணவரிடம் கேலியாக ஏதோ சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, இதெல்லாம் வேண்டாம், இங்கே நாலு பேர் பேசுகிறார்கள், நிறுத்திவிடு என்றார்.

"நிறுத்தமாட்டேன்" என்றேன்.

அவர் கைகால் கழுவக் கிணற்றடிக்குப் போனார். நான் இலையைப் பிரித்துப் பயறை இடிக்க ஆரம்பித்தேன்.